திங்கட்கிழமைக்கு ஆராதனை உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்ணீரோடு பாடுகிறீர்கள். திங்கட்கிழமை விடிந்ததும் அது வடிந்துபோகிறது. கைக்குழந்தை, அடுப்பு, அலுவலகக் கணக்கு என்று நாள் ஓடிவிடுகிறது. ‘வாழ்க்கை முழுவதும் ஆராதனையாக இருக்க வேண்டும்’ என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்து பாத்திரம் கழுவினால், மனதில் ஒன்றும் எழும்புவதில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தாலோ குழந்தை அழுகிறது. எழுந்து போவதா, ஜெபத்தை முடித்துவிட்டுப் போவதா என்று தெரியவில்லை. ‘நான் எங்கே தவறுகிறேன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, பாத்திரம் கழுவும்போது பாத்திரம்தான் தெரிய வேண்டும். அதில் ஒரு தவறும் இல்லை. ஞாயிறு காலையில் வருகிற நெகிழ்ச்சிக்கு நாம் ஆராதனை என்று பெயர் வைத்துவிட்டோம். அப்புறம் அதே நெகிழ்ச்சி அடுப்படியிலும் வர வேண்டும் என்று காத்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தப் போதனைக்கு எல்லோரும் எடுக்கிற வசனம் ரோமர் 12:1. “உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டுமென்று, தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன், இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை.” இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இதில் எதைக் கேட்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள். உணர்வுகளைக் கேட்கவில்லை. ஆத்துமாவை என்றுகூட எழுதவில்லை. சரீரங்களை என்கிறார். தூக்கம் கெட்ட கண், வலிக்கிற இடுப்பு, சோப்பு நுரையில் ஊறிச் சுருங்கிய விரல், இதெல்லாம்தான் சரீரம்.

அந்த வசனத்தில் ‘ஆராதனை’ என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கிற கிரேக்கச் சொல் லத்ரேயா. இதே நிருபத்தில் 9:4-ல், இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்டவற்றைப் பட்டியலிடும்போது தேவாலயத்துப் பணிவிடையைக் குறிக்கவும் பவுல் இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். பலிபீடம், ஆசாரியன், தூபம் என்று அதுவரை ஓர் இடத்துக்குள் இருந்த சொல்லை எடுத்து, ரோமாபுரியில் கூலிவேலை செய்தவர்கள், அடிமைகள், வீட்டுப் பெண்கள் கூடியிருந்த சபைகளின் உடம்பின்மேல் வைக்கிறார். முதன்முதலாக வாசிக்கக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “இரக்கங்களை முன்னிட்டு” என்கிறார். பதினோரு அதிகாரங்கள் தேவனுடைய இரக்கத்தை எழுதிவிட்டு, பன்னிரண்டாவதில்தான் இதைக் கேட்கிறார். நீங்கள் பாத்திரம் கழுவி அவருடைய அன்பைச் சம்பாதிக்கப்போவதில்லை. அன்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கிடைத்தவர்கள் கையைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் தமிழிலேயே இதற்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. ‘ஊழியர்’ என்று சபையில் சொன்னால் போதகர், சுவிசேஷகர் என்று எடுத்துக்கொள்கிறோம். சபைக்கு வெளியே அதே சொல் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிற எவரையும் குறிக்கிறது. ஒரே சொல்லைத்தான் இரண்டு இடத்திலும் பேசுகிறோம்; ஆனால் ஏதோ இரண்டு சொற்கள்போல நடந்துகொள்கிறோம். எபிரெயத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஆதியாகமம் 2:15-ல் மனுஷனைத் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ வைத்தார் என்று வருகிறது அல்லவா? பண்படுத்துவதற்கான வினை அவாத். காப்பதற்கான வினை ஷாமர். எண்ணாகமம் 3:7, 8-ல், ஆராதனைப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர்கள் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்கிற பணிக்கும் இதே இரண்டு வினைகள்தான் வருகின்றன. மண்ணைக் கொத்துவதும் கூடாரத்தில் பணிவிடை செய்வதும் ஒரே வினைச்சொல். அதனால்தான், ‘முழுநேர ஊழியம்’ என்று ஒரு படியை மேலே கட்டி, மற்ற எல்லோரையும் கீழ்ப்படியில் நிற்கவைக்கிற பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். போதகர் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு வெளியே இருப்பவர்கள் பகுதிநேர விசுவாசிகள் அல்ல.

சரி, சரீரம் என்றால் எந்தச் செயல்? இங்கே வேதம் மிகவும் குறிப்பாகப் பேசுகிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். “பரிசுத்தராயிருங்கள்” என்று தொடங்குகிறது. அடுத்து என்ன வருகிறது? வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு. செவிடனை நிந்திக்காதே. குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். இடையிடையே “நான் கர்த்தர்” என்ற வாக்கியம் மணி அடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. 13-ஆம் வசனம் உங்கள் மேஜைக்கே எழுதியதுபோல இருக்கும்: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். ஒரு சிறு ஒப்பந்தக்காரருடைய பில் உங்கள் மேஜைக்கு வருகிறது. இன்றைக்கே சரிபார்த்து அனுப்பினால் அவருக்கு இந்த வாரம் பணம் போகும். அடியில் வைத்துவிட்டால் அடுத்த மாதம் ஆகிவிடும். வைத்துவிட்டாலும் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால் சில வீடுகளின் அடுப்பு இருக்கிறது. அதை எடுத்து, கூட்டிப் பார்த்து, கையெழுத்துக்கு அனுப்புகிற அந்தப் பத்து நிமிடத்தை லேவியராகமம் பரிசுத்தம் என்ற தலைப்பின்கீழ் வைக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கணக்கில் கவனம் வையுங்கள். தப்பாகக் கூட்டிவிட்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

இதற்கு நேரெதிரான படம் ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வியாபாரிகள் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கிறார்கள், கடையைத் திறக்கவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில், ‘இது எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி விற்க எப்போது போகலாம்’ என்று யோசிக்கிறார்கள். அதே தீர்க்கதரிசி 5-ஆம் அதிகாரத்தில், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொல்வதாக எழுதுகிறார். பாட்டு நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் தராசு அந்தப் பாட்டைப் பொய்யாக்கியது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் நான் எதைச் சொல்லவருகிறேன் என்பது இன்னும் தெளிவாகும். என் அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். நான் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவன். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு குழறும் என்பதால், வேண்டியதைக் கேட்க மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். நிறுத்தாமல் தட்டினால் படுக்கை நனைந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் நான் முழங்காலில் இருக்கும்போது நிறுத்தாமல் தட்டினார். ‘உம்மோடு இருக்கிற நேரத்தில்கூட இப்படியா ஆண்டவரே’ என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனேன். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் திருப்பி இழுக்க வேண்டும். அவசரமாகச் செய்தேன். திருப்பும்போது அவருடைய முழங்கை கம்பியில் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளைக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வெட்கம்.

“வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்ற மத்தேயு 25-ஐ நான் எத்தனையோ கூட்டங்களில் எடுத்துப் பேசியிருக்கிறேன். அன்று என் கையில் ஈரத் துணியோடு நின்றபோதுதான் அது உறைத்தது. நான் ஒரு அறையில் ஆண்டவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த அறையிலிருந்து கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வெந்நீர் வைத்துத் துடைத்தேன். ‘அப்பா, இப்போ இடது பக்கம் திருப்புறேன்’ என்று சொல்லிவிட்டுத் திருப்பினேன். உடனே உள்ளம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கவில்லை. மூத்திர நாற்றம் அப்படியேதான் இருந்தது. அப்பாவின் முகம் மட்டும் சுவர்ப்பக்கம் போகவில்லை.

அப்புறம் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தபோது இத்தனை வருடம் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். நியாயத்தீர்ப்பில் ஆண்டவரின் வலதுபக்கத்தில் நிற்கிற நீதிமான்களுக்கே ஆச்சரியம். ‘ஆண்டவரே, எப்பொழுது உம்மை வியாதியுள்ளவராகக் கண்டோம்?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியவே இல்லை. சாப்பாடு கொடுத்தபோது சாப்பாடுதான் தெரிந்தது, துணி உடுத்தியபோது துணிதான் தெரிந்தது. ஆண்டவர்மட்டும், “அதை எனக்கே செய்தீர்கள்” என்கிறார். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேரான பதில் இதுதான். ஆராதனை நடந்தது என்பதற்கு அத்தாட்சி உங்கள் உள்ளத்தில் வந்த அனுபவம் அல்ல. உங்கள் கை யாரிடம் போய்ச் சேர்ந்தது, அவர்களை என்ன செய்தது என்பதுதான்.

அதற்காக மனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொலோசெயர் 3:23, “எதைச் செய்தாலும், அதை மனுஷர்க்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” என்கிறது. மனப்பூர்வமாய் என்றால் அரைமனதாக அல்ல என்று பொருள். கண்ணீரோடு என்று பொருள் அல்ல.

இந்த வழியில் நடந்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் சகோதரர் லாரன்ஸ். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர். போர்வீரனாக இருந்து காயப்பட்டு, 1640-ல் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையலறை. பலர் அவரைச் சமையலை ரசித்த ஆனந்தமான ஒரு துறவியாகக் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று. தேவனுடைய பிரசன்னத்தில் இருக்கப் பழகிய முதல் பத்து வருடம் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே தம் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். பத்து வருடம்! நாம் பத்து நாள் முயற்சி செய்துவிட்டு, எனக்கு வரவில்லை என்கிறோம். பிற்காலத்தில் செருப்புத் தைக்கிற வேலைக்கு மாறி, 1691-ல் மரித்தார். பெரிய பதவி எதிலும் அவர் இருந்ததில்லை.

அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்னால், 6-ஆம் நூற்றாண்டில், பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் ஒரு வரி இருக்கிறது. பண்டகசாலையைப் பார்த்துக்கொள்கிற சகோதரர், மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப்போலவே பாவிக்க வேண்டும் என்கிறார். இது அவருக்குத் திடீரென்று தோன்றிய யோசனை அல்ல. பிரதான ஆசாரியனுடைய பாகையில் கட்டியிருந்த பொற்பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டியிருந்தது என்று யாத்திராகமம் 28 சொல்கிறது. இஸ்ரவேல் முழுவதிலும் ஒரே ஒரு நெற்றியில் இருந்த எழுத்து அது. சகரியா தீர்க்கதரிசன புத்தகத்தின் கடைசி வசனங்களில் பார்த்தால், வரப்போகிற நாளில் அதே எழுத்து குதிரைகளின் கழுத்துமணியில் இருக்கிறது. எருசலேமிலும் யூதாவிலும் உள்ள சகல பானைகளும் கர்த்தருக்குப் பரிசுத்தமாகின்றன. ஆசாரியனின் நெற்றியிலிருந்து அடுப்பில் இருக்கிற பானைவரை அந்த எழுத்து இறங்கி வந்துவிடுகிறது. நீங்கள் தேய்க்கிற பானையும் அதில் அடக்கம்.

உங்களுக்குக் கைக்குழந்தை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் லூத்தர் 1522-ல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை ஒரு தகப்பன் துவைப்பதைப் பற்றிப் பேசுகிறார். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தாலும், அவன் அதை விசுவாசத்தோடு செய்கிறபோது தேவன் தம்முடைய தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்கிறார் என்பது அவர் கருத்து. எழுதியபோது அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை; 1525-ல்தான் ஆனது. தகப்பன் துவைக்கிறான் என்பதைக் கவனியுங்கள். வீட்டுவேலையை ஆராதனை என்று புகழ்ந்துவிட்டு அதை மனைவியின் தலையிலேயே முழுவதும் கட்டிவிடுகிற கணவன், இந்தப் போதனையைத் திருடிக்கொள்கிறான் என்பேன். அது ஆராதனை என்றால் அவனுக்கும் அதில் பங்கு வேண்டும்.

இந்தத் திருட்டு வேறு இடங்களிலும் நடக்கும், அதனால் எச்சரிக்கிறேன். கொலோசெயர் 3:23 முதலில் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. எஜமான்கள் அதை எடுத்து, ‘கேள்வி கேட்காமல் உழை, அதுதான் பக்தி’ என்று பேசிய காலங்கள் உண்டு. ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. 4:1-ல் எஜமான்களைப் பார்த்து, உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், ஆகையால் நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார். உங்கள் உழைப்பைச் சுரண்டுகிற ஒருவரைச் சகித்துக்கொண்டே இருப்பது ஆராதனை ஆகிவிடாது. நியாயமான கூலியைக் கேட்பது பக்திக்கு விரோதமும் அல்ல. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அதேபோல, பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் அதை எவ்வளவு மனப்பூர்வமாகச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்ய முடியாது.

ஓய்வையும் விட்டுவிடாதீர்கள். வேலையே ஆராதனை என்று ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் ஓடி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் நாளில் வேலைக்காரனும், வேலைக்காரியும், மாடும்கூட ஓய வேண்டும் என்று கட்டளையிட்ட தேவன் அவர். பகலெல்லாம் உழைத்த உடம்பைப் படுக்கையில் கிடத்துவதும் அதே சரீரத்தை ஒப்புக்கொடுப்பதுதான். நான் தூங்கினாலும் உலகத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒப்புக்கொள்கிற செயல் அது.

அன்றாட வாழ்க்கையே ஆராதனை என்றால் சபைக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். எபிரெயர் 10:25, சபைகூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று நேராகவே சொல்கிறது. திருவிருந்தில் மேஜைமேல் என்ன வைக்கிறோம் என்று பாருங்கள். கோதுமையும் திராட்சைக் குலையும் வைப்பதில்லை. அப்பமும் ரசமும் வைக்கிறோம். யாரோ விதைத்து, அறுத்து, அரைத்து, பிசைந்து, சுட்டது அந்த அப்பம். ஒரு வாரத்தின் வேலை அந்த மேஜைக்கு வருகிறது. அங்கே கிறிஸ்துவின் கையிலிருந்து திரும்ப நமக்குக் கிடைக்கிறது. அதை வாங்காமல் திங்கட்கிழமையைக் கொடுக்கப் பார்த்தால், சீக்கிரம் கை காலியாகிவிடும்.

நடைமுறைக்கு இரண்டே காரியங்கள். காலையில் நீண்ட நேரம் கிடைக்காவிட்டால், கண் விழித்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் மடியில் விரித்து வையுங்கள். இன்றைக்கு இந்தக் கை யாரையெல்லாம் தொடப்போகிறது என்று மூன்று பேருடைய பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். குழந்தை, வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் உங்களுக்குச் சள்ளையாக இருக்கிற ஒருவர். மூன்றாவது பெயரைச் சொல்வதுதான் கஷ்டம், அதை விடாதீர்கள். இரவில் ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பாருங்கள். இக்னேஷியஸ் லொயோலா 16-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. எதற்கு நன்றி சொல்லலாம், யாருடைய முழங்கையை இடித்தேன் என்று பாருங்கள். இடித்திருந்தால் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மறுநாள் அந்த ஆளிடமும் கேளுங்கள். பலிபீடத்தின் முன்னே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5:24-ல் இயேசு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஜெபத்தில் இருக்கும்போது குழந்தை அழுதால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். குழந்தையிடம் போங்கள். ‘ஆண்டவரே, ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டேன்’ என்று குற்ற உணர்வோடு போக வேண்டாம். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டே போங்கள். துணியை மாற்றுங்கள், பால் கொடுங்கள், தோளில் போட்டுத் தட்டுங்கள். தூங்கியபின் திரும்பி வந்து தொடர முடிந்தால் தொடருங்கள். நீங்களும் அப்படியே தூங்கிவிட்டால், தூங்குங்கள்.